ரிசர்வ் சாச்சா

"யூனிஃபார்மைக் கழட்டு அஸ்லம், தங்கச்சி நிக்காஹுல போய்..."

"கழட்ட முடியாது உம்மா, கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல..."

"...மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னடா நெனைப்பாங்க?"

"...ஏர்போர்ட்ல நிக்கணும்."

ஜன்னத் பீவி மகனை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை. சின்ன விமானக் கம்பெனி ஒன்றில் பைலட். இன்று ரிசர்வ், வேறொரு பைலட்டால் வர முடியாமல் போனால் இவன் ஓட வேண்டும். வாப்பா இல்லாத வீட்டில் தங்கச்சி மர்ஜானாவுக்கு வலியாக, அதாவது பெண் தரப்புப் பொறுப்பாளராக உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கொடுக்க வேண்டியவனும் இவன்தான். அந்த ஒரு காட்சிக்காகத்தான் ஜன்னத் பீவி இத்தனை வருடம் காத்திருந்தார்.

"லீவு கேக்குறதுக்கென்ன?"

"கேட்டேன். ரிசர்வ்ங்கறது ட்யூட்டியே இல்ல, அதுக்கு எதுக்கு லீவுன்னுட்டாங்க."

"அப்ப நீ சும்மாதான் இருக்கே."

"சும்மாவா? போனைக் கீழ வைக்கக் கூடாது. ஊரைத் தாண்டக் கூடாது. ஓய்வா இருக்கணும், ஆனா அசந்துரக் கூடாது."

"அரே, இதென்ன கூத்து," என்று தலையில் அடித்துக்கொண்டவர், நேராகக் கொழுந்தன் நாகூர் கனியிடம் போனார். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர்.

"கனி, அஸ்லம் போக வேண்டி வந்தா நீதான் அவன் எடத்துல உக்காரணும். குளிச்சுட்டு ரெடியா இரு."

"அப்ப நான்தான் உக்காரப் போறேனா மைனி?"

"இல்லப்பா, அஸ்லம்தான்."

"அப்ப கடையத் தொறந்துட்டு வர்றேன்."

"தொறக்கக் கூடாது. பிரியாணியும் இப்ப வேணாம், ஜிப்பாவுல நெய் பட்டுரும்."

"மைனி, இது என்ன வேலை?"

"வேலையே இல்லையே. சும்மா இருக்கறதுதானே."

கேம்பல் பே தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த கப்பல் தாமதம். பிரியாணி தம் போட்ட வாசனையில் நாகூர் கனி நாற்காலியில் நெளிந்தார். ஒருவழியாக மாப்பிள்ளை வந்து, நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத்தும் உட்கார்ந்த நேரம், அஸ்லமின் போன் அடித்தது.

"ஜி சார், ஆத்தா ஹூன்," இதோ வருகிறேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தான். "சாச்சா, எனக்குப் பதிலா நீங்க." பைக் சத்தம் தெருமுனை தாண்டியது.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஜன்னத் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாகூர் கனி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். அப்போது ஜன்னத் பீவியின் போன் அடித்தது.

"உம்மா, அந்த பைலட்டே வந்துட்டார். நான் பறக்கல."

"அல்ஹம்துலில்லாஹ். ஓடி வா."

"வர முடியாது. இங்கயே ரிசர்வ்ல உக்காரச் சொல்லிட்டாங்க. ஆனா விட்டாலும் விட்டுருவாங்க. கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்."

"எவ்வளவு நேரம்டா?"

"அதை அவங்களும் சொல்ல மாட்டாங்க உம்மா."

ஜன்னத் பீவி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சபை முழுவதும் திரையையே பார்த்தது. மாப்பிள்ளையின் கை இன்னும் நாகூர் கனியின் பிடியில்தான் இருந்தது.

நாகூர் கனி திரைப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மைனி, நான் குடுத்துரவா, இல்ல இன்னும் ரிசர்வ்தானா?"