பீரோவுக்குள் வைஃபை

இலஞ்சியில் காலையிலிருந்தே விடாத சாரல். நிர்மலாதேவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு அம்மாள் தன் மிக்ஸி பழுதைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொண்டிருந்தாள். பாதிப் பேச்சில் காதில் சத்தம் அறுந்தது. ஹெட்போன் பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். அந்த அம்மாள் திரும்பக் கிடைக்கவில்லை.

சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை. பேச்சு அறுந்தால் குற்றம் போனை எடுத்தவள் பேரில்தான் ஏறும். நெட் போச்சா, கரண்டு போச்சா என்று கேட்க அங்கே நாதியில்லை. அந்தச் சம்பளத்தில்தான் இப்போது வீட்டில் உலை கொதிக்கிறது. புருஷன் நம்பிராஜன் குற்றாலம் ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். போன சீசனில் பாறை வழுக்கி இடுப்பு முறிந்ததிலிருந்து கட்டிலே கதி.

படுத்தபடியே தென்காசிக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு இந்த வேலைக்கான வைஃபை பெட்டியைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். ரெண்டு ஆன்டெனாக் கொம்பு போதும் என்றாள் இவள். "ஏட்டி, பொழப்பே அதுலதான் ஓடுது. நாலு கொம்பா வாங்கு, நல்லா இழுக்கும்" என்றான். வாங்கி வந்த வாரமே குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகப் புகுந்து டிவி ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இந்த ஊர்க் குரங்குக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பயந்துபோன நம்பிராஜன் பெட்டியை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டச் சொன்னான். ஒயர் போகப் பின்பக்கம் ஓட்டைகூடப் போட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த இழவெல்லாம். மழையால்தான் இப்படி என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

செல்போனில் கம்பெனியின் செய்தி வந்தது. அழைப்புகள் தொடர்ந்து அறுவதால் இன்றோடு அவளுக்கு வேலை இல்லை. கம்ப்யூட்டரை ஆள் வந்து எடுத்துக்கொள்வார். திரும்பத் திரும்பப் படித்தாள். முதலில் மனுஷன் சாப்பிடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்தாள்.

சோற்றைப் போடுவதற்குள் நெட் கம்பெனிக்காரன் பேச்சிமுத்து நனைந்தபடி வந்து நின்றான். நம்பிராஜன்தான் புகார் சொல்லி வரவழைத்திருந்தான்.

"பெட்டி எங்கன இருக்கு அண்ணாச்சி?"

நம்பிராஜன் தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். பீரோவைத் திறந்த பேச்சிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, நகை மாதிரி பூட்டி வச்சிருக்கிய? இரும்புக்குள்ள கெடந்தா சிக்னல் எப்படி வெளிய வரும்? நாலு என்ன, நாப்பது கொம்பு இருந்தாலும் கட்டாகத்தான் செய்யும்."

பெட்டியை எடுத்து அவள் மேசைக்கு மேலே சுவரில் மாட்டினான். குரங்கு இழுக்காதபடி கம்பியால் கட்டியும் கொடுத்துவிட்டுப் போனான்.

நம்பிராஜன் முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப நான்தான் உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கேன்" என்றான். "கம்பெனியில எதுவும் சொன்னாவளாட்டி?"

சொல்லத்தான் வாயெடுத்தாள். எழுந்து ஒண்ணுக்குப் போகக்கூட அவள் தோள் வேண்டியிருக்கிற மனுஷன். இதையும் அவன் தலையில் எப்படித் தூக்கி வைப்பது?

"ஒண்ணும் சொல்லல. இங்கன மழைன்னு சொல்லிட்டேன்."

"நல்லவேளை. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." அவனுக்கு மூச்சு வந்தது. "அப்புறம் என்னட்டி நிக்க? சோறு பொறவு போடலாம். போ, போய் போனை எடு."

அவள் போய் உட்கார்ந்தாள். அவளுடைய கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று திரையில் ஒரு வரி மட்டும் நின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி, "வணக்கம் மேடம்" என்றாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் பொறுத்து, "இப்ப நல்லாக் கேக்குது, சொல்லுங்க" என்றாள்.