ஆஸ்பத்திரிக்கு ஒரு சாவு நோட்டீஸ்

எங்கள் செர்னி வீர் ஊரில் உயிரோடு இருக்கிற எதற்கும் சாவு நோட்டீஸ் ஒட்டமாட்டார்கள். செத்தவர்களுக்கு ஒட்டுவோம். கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் படம், கீழே நாலு வரி. வீட்டுக் கதவில், பஸ் நிறுத்தத்தில், மரத்தில், ரொட்டிக்கடைச் சுவரில் என்று எங்கும் இருக்கும். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று புதிதாக ஒட்டுவோம். ஒட்டியதை யாரும் கிழிக்கமாட்டார்கள். குடிகாரன்கூடத் தொடமாட்டான். மழை வந்து கரைத்தால்தான் உண்டு.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் டாக்டர் கூஷெவ், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் தலைவர். அவரே ஆஸ்பத்திரிக்குச் சாவு நோட்டீஸ் அடித்தார். செத்தவர் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பழைய படம். "நீண்ட நாள் அரசாங்க வைத்தியத்துக்குப் பின் நம் அருமை ஆஸ்பத்திரி நம்மைப் பிரிந்தது. ஆழ்ந்த துயரத்துடன், நோயாளிகள்." முன்கேட்டில் சங்கிலி போட்டு, கறுப்புத்துணி கட்டி, நடுவில் இதை ஒட்டினார்கள். ஊரே பார்த்துவிட்டுச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

காரணம் இதுதான். நாட்டில் ஆஸ்பத்திரிகள் அதிகம், டாக்டர்கள் குறைவு, எல்லாவற்றையும் சீர்திருத்தப் போகிறோம் என்று தலைநகர் சோபியாவில் ஒரு குழு போட்டிருந்தார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளை மூடி, பெரிய ஊர்களில் ஒன்றாகச் சேர்ப்பது அவர்கள் திட்டம். எங்களுடையதைப் படுத்த படுக்கையான கிழவர்களுக்கான விடுதியாக மாற்றுவார்களாம். அந்தக் குழுவிலிருந்து பேராசிரியர் தோஷ்கோவா என்கிற அம்மாள் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாசகசாலை மண்டபத்துக்கு வந்து விளக்கம் சொல்வதாக ஏற்பாடு.

அந்த ஆஸ்பத்திரியை மூடக்கூடாது. வேறு எந்தக் கொள்கையும் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் மெத்தோடிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு அடைத்தது. எங்கள் துபாவா கிராமத்திலிருந்து செர்னி வீர் பத்து நிமிஷம், அதனால் பிழைத்தார். அதை விட்டால் கணவாய் ஏறி இறங்கி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஒரு மணி நேரம். இன்னொரு தடவை அவருக்கு நெஞ்சு அடைத்தால் அந்தப் பத்து நிமிஷம்தான் அவருக்கு உயிர். இதைச் சொல்லத்தான் மண்டபத்துக்குப் போனேன்.

நான் கிளம்பும்போது மெத்தோடி முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பர் மாதம் அந்த வாசனை இல்லாத வீடே எங்கள் பக்கம் கிடையாது. அவர் தம்பி லியூபென் சுட்ட மிளகாயைத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷம் ஸ்பெயினில் தக்காளி பறித்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தான். நீங்களும் வாருங்களேன், உங்களைப் பார்த்தாலே அந்த அம்மாளுக்குப் புரியும் என்றேன். மெத்தோடி இடுக்கியை ஆட்டினார்.

"நீ போய்க் கத்திட்டு வா ராய்னா. எனக்கும் சேத்துக் கத்து."

மண்டபத்தில் உட்கார இடமில்லை. முதல் மூன்று வரிசையும் வெள்ளைக்கோட்டு. சோபியாக்காரி பார்த்து மிரளட்டும் என்று கூஷெவ் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அத்தனை பேரையும் கூட்டிவந்திருந்தார். என் பக்கத்தில் நர்ஸ் தீங்கா சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். அப்படியானால் ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். பின்வாசலில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாளாம். ட்யூட்டி டாக்டர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாராம், கூப்பிட்டால் அங்கே ஓடுவாராம். முன்கேட்டுச் சங்கிலி சும்மா ஒரு காட்சிக்கு, பின்பக்கம் வழி இருப்பது யாருக்குத்தான் தெரியாது என்றாள். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வாஸ்தவம்தான்.

மேயர் மணியடித்து எல்லோரும் போனை ஊமையாக்கச் சொன்னார். தோஷ்கோவா எழுந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை, குரல் மட்டும் கத்திபோல. எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் காலி, டாக்டர்களில் முக்கால்வாசிப்பேர் ஓய்வு வயதைத் தாண்டியவர்கள், எப்போதாவது செய்கிற வைத்தியத்தை எப்போதுமே நன்றாகச் செய்யமுடியாது என்றாள். நீங்கள் அன்பு வைத்திருப்பது ஒரு கட்டடத்தின்மேல், நான் பேசுவது நோயாளியைப் பற்றி என்றும் சொன்னாள். கூஷெவ் உட்கார்ந்த இடத்திலிருந்தே மடக்கினார். டாக்டர்களை அனுப்பாதது யார், கருவிகளைக் கொடுக்காதது யார், பட்டினி போட்டுவிட்டு இளைத்துப்போனான் என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம் என்றார். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது.

"மேடம் லிஃப்டுல ஏறி டாக்டரப் பாக்கறவங்க," என்றார் கூஷெவ், எங்கள் பக்கம் திரும்பி. "நாம டிராக்டர்ல ஏறிப் போறவங்க. அவங்களுக்கு எங்க புரியப்போகுது?"

"உங்க முழங்கால் ஆபரேஷனை எங்க பண்ணிக்கிட்டீங்க டாக்டர்?" என்று கேட்டாள் அவள். "லிஃப்ட் இருக்கற இடத்துலதானே?"

கூஷெவின் கழுத்து சிவந்தது. பின்வரிசையில் எவனோ சிரித்துவிட்டான். அவனைப் பக்கத்தில் இருந்தவன் அடித்தான். அதற்குப் பிறகு நடந்ததை வாதம் என்று சொல்லமுடியாது. திருட்டுக்கும்பல் என்றார்கள், கிழட்டு ராஜ்யம் என்றாள், சோபியாவில் ஒட்டுண்ணிகள் என்றார்கள். என் முறை எப்போது வருமோ என்று மணி பார்க்கக் கையில் வைத்திருந்த போனை நிமிர்த்தினேன். லியூபென் பல தடவை கூப்பிட்டிருந்தான். அப்போதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எடுத்தேன். அண்ணனுக்கு நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் வியர்வை, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், இருப்பது ஒன்றுதான், அது வேறு கிராமத்துக்குப் போயிருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள், அதனால் நானே காரில் போட்டுக்கொண்டு வந்தேன் என்றான்.

ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தாய் என்று கேட்டேன். அப்போதே எழுந்துவிட்டேன்.

"வந்தேன் அண்ணி. கேட்டுல சங்கிலி. கறுப்புத்துணி. ஆஸ்பத்திரி செத்துப்போச்சுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அதான் கணவாய் ஏறிட்டேன். இப்ப உச்சியில, அந்த ஊத்துக்கிட்ட நிறுத்தியிருக்கேன். இதத் தாண்டினா சிக்னல் கிடையாது. நேராப் போகவா? சொல்லுங்க."

பதினைந்து வருஷம் அந்நிய தேசத்தில் இருந்தாலும் அவன் எங்கள் பக்கத்துப் பிள்ளை. சாவு நோட்டீஸைப் பார்த்தால் நம்புவான். நம்பாமல் என்ன செய்வான்?

மெத்தோடிக்கு நெஞ்சு அடைக்கிறது, கணவாய் உச்சியில் கார் நிற்கிறது என்று கத்தினேன். மண்டபம் அடங்கியது. கூஷெவ் ஓடிவந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். வாங்கியவர் முதலில் லியூபெனிடம் பேசவில்லை. மேடைப்பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கங்க மேடம். ஆஸ்பத்திரிய மூடினா என்ன ஆகும்னு கேட்டீங்களே, இதுதான் ஆகும்."

"மூடினது நான் இல்ல," என்றாள் தோஷ்கோவா. "சங்கிலி போட்டது நீங்க." சொல்லிக்கொண்டே அவளும் இறங்கி வந்தாள். போனுக்கு நேராகக் குனிந்து, நிற்காமல் நேராகப் போகச் சொன்னாள். அடைப்பை எடுக்கிற வசதி மாவட்ட ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, இப்போதே பேசி வாசலில் ஆள் நிற்கச் சொல்கிறேன் என்றாள்.

கூஷெவ் போனைத் தன் பக்கம் இழுத்தார். போகாதே தம்பி, திரும்பு, இறக்கம் முழுக்க வளைவு, வழியில் ஏதாவது ஆனால் கைகொடுக்க ஆள் இல்லை, இங்கே வந்தால் ஊசிபோட்டு ரத்தக்கட்டியைக் கரைத்துவிடுவேன் என்றார்.

"அந்த ஊசி உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"இல்லன்னு போன மாசம் எங்களுக்கு எழுதினீங்க."

"இருக்குன்னு எழுதினா அடுத்ததை அனுப்புவீங்களா?"

அதற்குள் மண்டபம் இரண்டாகப் பிளந்துவிட்டது. திரும்பச் சொல் என்றது ஒரு பாதி, போகச் சொல் என்றது இன்னொரு பாதி. வெள்ளைக்கோட்டுக்காரர்களே இரண்டு பக்கமாகக் கத்தினார்கள். ட்யூட்டி டாக்டர் எழுந்து வாசல்வரை போனார், பிறகு எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றார். மேயர் மணியை அடித்து, ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்றார். பின்வரிசையில் ஒருவன் ஓட்டுப்போடுகிறவன்போலக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல். போயிருந்தாலும் பிழைத்திருக்கலாம், திரும்பியிருந்தாலும் பிழைத்திருக்கலாம் என்று பிற்பாடு விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். அந்த உச்சியில் நின்றதுதான் தப்பு. நிற்கவைத்தது இந்த மண்டபம்.

பாய்ந்து போய்க் கூஷெவின் கையைக் கடிக்காத குறையாகப் போனைப் பிடுங்கினேன். எங்கேயாவது போ, லியூபென், நிற்காதே, எந்தப் பக்கமாவது போ என்று கத்தினேன். இன்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஊற்றுத் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம் நின்றது.

"வண்டிய அணைச்சிட்டேன் அண்ணி," என்றான்.

நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது லியூபென் அவரைப் புல்லில் கிடத்தி இன்னமும் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். யாரோ அவனைப் பிடித்துத் தூக்கினார்கள். மெத்தோடியின் விரல் நகங்களில் சுட்ட மிளகாயின் கரி இருந்தது.

பிறகு இரண்டு கட்சியும் அவரைக் கேட்டு வந்தன. கூஷெவ் ஆஸ்பத்திரிப் போராட்டத்தின் முதல் பலி என்று மெத்தோடியின் படத்தைப் போட்டு ஊர்வலம் நடத்த அனுமதி கேட்டார். அடுத்த வாரம் சோபியாவிலிருந்து தோஷ்கோவாவின் கடிதம் வந்தது. மிக்க மரியாதையோடு, சின்ன ஆஸ்பத்திரிகளின் ஆபத்துக்கு உதாரணமாக அவர் கதையைக் குழுவின் அறிக்கையில் சேர்க்கலாமா என்று எழுதியிருந்தாள். கடிதத்தை அடுப்பில் போட்டேன். கூஷெவை முற்றத்திலிருந்து துடைப்பத்தோடு துரத்தினேன். அவர் கொண்டுவந்த பூவும் பின்னாலேயே பறந்தது. லியூபென் தடுக்கவில்லை. அவன் அந்த நாள் முதல் அந்தக் காரைத் தொடவில்லை.

தேர்தல் வருகிறதென்று திட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஆஸ்பத்திரி தப்பித்தது. சங்கிலியை அவிழ்த்தார்கள், கறுப்புத்துணியை எடுத்தார்கள். நோட்டீஸ் மட்டும் அப்படியே இருந்தது. ஒட்டியதைக் கிழிப்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லையே.

நாற்பதாம் நாள் கோயிலில் அவர் பேரில் வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மெத்தோடியின் புது நோட்டீஸும் பசைவாளியுமாக ஊருக்கு வந்தேன். ரொட்டிக்கடையில் ஒட்டினேன், பஸ் நிறுத்தத்தில் ஒட்டினேன். கடைசியாக ஆஸ்பத்திரிக் கேட்டுக்குப் போனேன். உள்ளே ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கேட்டின் நடுவில் ஆஸ்பத்திரியின் சாவு நோட்டீஸ் பாதி வெளுத்துத் தொங்கியது.

நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிச் சரசரவென்று கிழித்தேன். போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கவேண்டும், கூஷெவ் முழங்காலைத் தாங்கிக்கொண்டு படி இறங்கி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? சாவு நோட்டீஸை யாராவது கிழிப்பாங்களா?"

"செத்தவங்களோடதைத்தான் கிழிக்கக்கூடாது டாக்டர்," என்றேன்.

பசையைத் தடவி, அதே இடத்தில் மெத்தோடியை ஒட்டினேன்.