ஐம்பதாயிரத்துக்குள்ளே

எங்கள் நான்கு விண்கலங்களுக்கும் நினைவகம் சிறியது. பூமியின் காந்தப்புலம் முடிந்து சூரியக் காற்று தொடங்கும் எல்லையை அவை கடக்கும் நிமிடங்களை மட்டும் முழுதாகக் கீழே இறக்குவோம். மற்றதை அழிப்போம். முதலில் வரும் சுருக்கக் கோட்டை, அதாவது அளவீடுகளின் சின்ன வரைபடத்தைப் பார்த்து, எதை வைப்பது, எதை அழிப்பது என்று குறிப்பது என் வேலை. ஆறு வருஷத்தில் எல்லை, பூமியின் மையத்திலிருந்து ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குள் வந்ததில்லை. அதனால் அந்தப் பகுதியின் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழிப்போம்.

அன்றும் மதியம் நான்கு கலங்களுக்கும் பார்க்காமலே அழிக்கக் குறித்து, கட்டளைகளைப் பூட்டினேன். மூன்றே முக்காலுக்குச் சும்மா கோட்டைத் திறந்தேன். நாற்பத்தோராயிரத்தில் நேராக ஓட வேண்டியது கன்னாபின்னாவென்று துடித்தது. காந்தப்புலம் தலைகீழாகத் திரும்பியிருந்தது. நான்கு கலத்திலும் அதே துடிப்பு. கருவிக் கோளாறு இல்லை. எல்லையே உள்ளே வந்திருக்கிறது.

முதல் கலத்துக்கான அழிப்புக் கட்டளை இரண்டு மணிக்கே போய்விட்டது. மற்ற மூன்றும் நாலு பத்துக்குப் போகும். பூட்டைத் திறக்கும் கடவுச்சொல் தலைமை விஞ்ஞானியிடம் மட்டும். அவள் என் பெரியம்மா மகள். படிப்பைப் பாதியில் விட்ட என்னை அவள்தான் இங்கே சேர்த்தாள்.

"என்ன பாதி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் பக்கத்து மேசை ஆன்டெனாக்காரர். பாதிப் படிப்பால் எனக்கு வந்த பட்டப்பெயர் அது.

"நாலு பத்து கட்டளையை நிறுத்த முடியுமாண்ணே?"

"நான் தட்டைத் திருப்புறவன்பா. உங்க அக்காகிட்ட போ."

"கொன்னுடுவா."

"அப்ப நாலு பத்துக்கு அப்புறம் போ. நிதானமா கொல்லுவா."

பதிவேட்டில் 'கருவிக் கோளாறு' என்று தட்டினேன். உடனே அழித்தேன். நல்லவன் என்பதால் அல்ல. சுருக்கக் கோடு அழியாது. என்றாவது அவள் பார்ப்பாள்.

நாலு மணிக்கு அவள் அறைக்கு ஓடினேன். உள்ளே நான்கு பேருடன் கூட்டம்.

"வெளிய இரு."

"அக்கா, எல்லை நாப்பத்தோராயிரத்துல இருக்கு."

"உளறாத."

"பாக்காம அழிக்கக் குறிச்சிட்டேன்."

நாற்காலி சரிய எழுந்து ஓடிவந்தாள். என் மேசையில் கடவுச்சொல்லைத் தட்டினாள். தவறு. மறுபடி தட்டினாள். தவறு. மூன்றாவதும் தப்பானால் ஒரு மணி நேரம் திறக்காது. மணி நாலு எட்டு. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திறந்தது. மூன்றையும் ரத்து செய்தாள்.

"ஒண்ணாவது கலம்?"

"ரெண்டு மணிக்கே போச்சு."

அவள் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"எல்லை எந்தத் திசையில, எவ்ளோ வேகத்துல வந்துச்சுன்னு சொல்ல நாலும் வேணும்டா. மூணை வெச்சு ஊகிக்கத்தான் முடியும்." பிறகு மெதுவாக, "தொலைத்தொடர்பு செயற்கைக்கோளெல்லாம் நாப்பத்திரெண்டாயிரத்துல. அதுங்க இப்ப பூமியோட காந்தக் கவசத்துக்கு வெளிய நிக்குது" என்று, அவற்றை இயக்குபவர்களை எச்சரிக்கப் போனை எடுத்தாள்.

நாலு பத்துக்குப் புதுக் கோடு இறங்கியது. கலங்கள் பூமியைச் சுற்றி மறுபடி வெளியே ஏறிக்கொண்டிருந்தன. இந்தமுறை முதல் கிலோமீட்டரிலிருந்து பார்த்தேன்.

முப்பத்தொன்பதாயிரத்திலேயே துடிக்கத் தொடங்கியிருந்தது. எல்லை இன்னும் உள்ளே வந்திருந்தது.

"அக்கா," என்றேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.