மகள் கண்ணுக்குத் தெரியாத மெக்கானிக்

லாரி மெக்கானிக் குடியை விட்ட மூன்றாவது வாரம் அவருடைய மகளின் கண்ணுக்குத் தெரியாமல் போனார். மற்றவர்களுக்குத் தெரிந்தார், மனைவிக்குத் தெரிந்தார், அவரைக் கண்டால் குரைக்கும் நாய்க்குக்கூடத் தெரிந்தார். டயர் கடைக்குப் பின்னால் அவர் சேர்ந்திருந்த ஆண்கள் மறுவாழ்வு இல்லத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இல்லத்தை நடத்தியவரும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர்தான். பெரியண்ணன் என்பார்கள். "போன வருஷம் ஒரு டெய்லர் இருந்தான். அவன் நிழல் மட்டும் முன்னாடியே வீட்டுக்குப் போயிடுச்சு. சம்சாரம் அதுக்குச் சோறு போட்டா, இவனைத்தான் ரொம்ப நாள் சேர்க்கல" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு வழக்கம். வீட்டார் எதிரே உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டுவார்கள். ஆண்கள் வாயைத் திறக்கக் கூடாது. சமாதானம் கூடாது, சத்தியமும் கூடாது. ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகள் காலி நாற்காலியிடம் பேசுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னாள்: "குடிச்சா அம்மாவை அடிப்பாரு. ஆனா குடிச்சாதான் என்கூடப் பேசுவாரு. மத்த நேரத்துல நான் இருக்கிறதே அவருக்குத் தெரியாது." நாற்காலியில் இருந்தவர் விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய பிறகும் அவருக்கு மகளிடம் பேச்சு வரவில்லை. ஒருமுறை அவள் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டு அலறி எழுந்தாள். அதைத் தாங்க முடியாமல் ஒரு சாயங்காலம், பட்டறையில் கிளீனர் பையன் வைத்திருந்த பிராந்தி பாட்டிலிலிருந்து ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்பா, உங்க மூக்கு தெரியுது!"

சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். இன்னொரு வாய் குடித்தால் மீசை தெரியும், பாட்டிலை முடித்தால் முழு அப்பாவும் கிடைப்பார் என்று அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் வந்ததும் அவளுக்கு வாடை அடித்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. மகள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு மூக்கைப் பார்த்தாள்.

"வேணாம்பா. தெரியாமலே இருங்க. ஆனா பேசுங்க."

மறுநாள் காலை இல்லத்துக்குப் போய்ப் பெரியண்ணனிடம் நடந்ததைச் சொன்னார். அதன்பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை, அவள் கண்ணில் படவுமில்லை. என்ன பேசுவதென்று தெரியாததால் கியர் பாக்ஸைப் பற்றிப் பேசினார். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், பிறகு காலேஜைப் பற்றி. மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார், பேச்சில் கலந்துகொண்டதில்லை. வெளியூரில் வேலை கிடைத்து மகள் கிளம்பிய அன்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

"எந்தப் பக்கம்பா நிக்கிறீங்க?"

"இடது பக்கம்மா."

அவள் இடது பக்கம் திரும்பி, அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வரேன்பா" என்றாள். சின்ன வயதில் பார்த்த உயரத்தை நினைவில் வைத்துப் பார்த்தாள். அவர் இப்போது அவ்வளவு உயரமில்லை. குதிகாலைத் தூக்கி, அவள் பார்வை விழுந்த இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், பஸ் கிளம்பும்வரை அப்படியே நின்றார்.