சீக்கிரம் நேரில் பார்ப்போம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், தான் இறந்து எட்டு மாதம் கழித்து, தன் பிறந்தநாளன்று காலை ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு அப்பாவின் வாழ்த்துக்குப் பதில் அனுப்பினாள். "எப்போ வர்றீங்கப்பா?" என்று இருந்தது. அவளுடைய கைபேசி அதே வீட்டில், பீரோவின் உள்ளறையில், சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

வாழ்த்தையும் அவர் அனுப்பவில்லை. லிஃப்டுகளுக்கு சர்வீஸ் தேதி குறிக்கிற பழக்கத்தில், ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரின் பிறந்தநாளையும் எப்போதோ கைபேசியில் ஏற்றிவிட்டிருந்தார். அந்தந்தத் தேதியில் ஏழு மணிக்கு வாழ்த்து தானாகப் போய்விடும். எல்லாருக்கும் ஒரே வாசகம்: "பிறந்தநாள் வாழ்த்துகள். வேலை கொஞ்சம் அதிகம். சீக்கிரம் நேரில் பார்ப்போம்." கிரீஸ் விற்கிற கடைக்காரருக்கும் அதுதான், மாமியாருக்கும் அதுதான். எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மனைவிக்கும் அதுவே வந்தபோது, "இங்கதானே இருக்கேன்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளியூரில் வேலை பார்த்த மகள் மட்டும் வருடா வருடம் எப்போ வர்றீங்க என்று கேட்டாள். நாலாவது மாடியில் ஒற்றை அறை. "லிஃப்ட் கிடையாது, மெக்கானிக் சார் படியேறித்தான் வரணும்" என்று கிண்டல் வேறு. அவர் படித்துச் சிரித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். காய்ச்சலில் அவள் விழுந்தபோது நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார். பிறகு அறையைக் காலி செய்து சாமான்களைக் கொண்டுவந்தது மைத்துனர்.

பதில் வந்த அன்று, "மன்னிச்சிடும்மா" என்று தன் கையால் எழுதி அனுப்பினார். போகவில்லை. நாற்பது தடவை எழுதியும் போகவில்லை. வாசகத்தை மாற்றி வைத்தார். மற்ற எல்லாருக்கும் புதியது போயிற்று, அடுத்த வருடமும் அவளுக்கு மட்டும் பழையதே போயிற்று. இரண்டு நிமிடத்தில் அதே கேள்வி வந்தது. மூன்று பிறந்தநாள் இப்படி. மூன்று முறையும் அவர் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தொட்டி காலியானதும் மனைவி போய் மோட்டாரைப் போட்டாள்.

நாலாவது வருடம் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினார். அறையில் இப்போது ஒரு தையல்காரி குடியிருந்தாள்.

"என் பொண்ணு இங்க இருந்தா. வரேன்னு சொல்லியிருந்தேன்."

தையல்காரி நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மகள் தினமும் பார்த்தது இதைத்தான் என்று நினைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருடப் பிறந்தநாளன்று ஏழு மணி இரண்டு நிமிடத்துக்குப் பதில் வந்தது: "படியேறி வந்தீங்களாமே. முட்டி வலிக்குதா? என்னை நேர்ல பாக்குறதுக்கு அவசரமே இல்லப்பா. மெதுவா வாங்க."

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "அவ சொல்றது சரிதான்" என்றாள். பிறகு முட்டிக்குத் தைலம் எடுத்துவர உள்ளே போனாள்.