பதினெட்டும் பன்னிரண்டும்

எனக்கு இரண்டு ராசி. வாராவாரம் பன்னிரண்டு ராசிகளுக்கும் எழுதுகிறவளுக்குத் தன் ராசி எதுவென்று தெரியாது என்றால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா கணக்கில் நான் மகம் நட்சத்திரம், சிம்ம ராசி. கணினி கணக்கில் ஆயில்யம், கடக ராசி. இரண்டு கணக்கிலும் பிறந்த தேதி ஒன்று, ஊர் சிங்கப்பூர், பிறப்புச் சான்றிதழில் உள்ள நேரம் காலை 6:10. "மகம் துவங்கி பதினெட்டு நிமிஷத்திலை நீ பிறந்தனீ" என்று அம்மா யாழ்ப்பாணத் தமிழ் மாறாமல் சொல்வார். கணினியோ, நான் பிறந்து பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் மகம் தொடங்கியது என்கிறது.

நாம் பிறக்கும்போது நிலா எந்த ராசியில் நிற்கிறதோ அதுதான் நம் ராசி. அது ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் ஆகும். கடகத்தின் கடைசி நட்சத்திரம் ஆயில்யம். அதைத் தாண்டியதும் சிம்மத்தின் முதல் நட்சத்திரம் மகம். பெரும்பாலோர் ஏதாவது ஒரு ராசியின் நடுவில் பிறக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே போனாலும் அவர்களுக்கு ஒன்றும் மாறாது. நான் சரியாக எல்லைக் கோட்டில் வந்து பிறந்திருக்கிறேன்.

பகலில் ஒரு பல் மருத்துவமனையில் முன்பதிவு பார்க்கிறேன். ஞாயிறு காலையில் 'வார வானம்' எழுதி மின்னஞ்சலில் முந்நூறு பேருக்கு அனுப்புகிறேன். முதலில் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த வாரம் கோள்கள் நகரும் நேரங்களைக் குறிப்பேன். ஒவ்வொன்றோடும் இரண்டரை மணி கூட்டினால் சிங்கப்பூர் நேரம் வந்துவிடும். பிறகுதான் ராசிகள். பயணம் வரும், பணம் வரும் என்றெல்லாம் எழுதுவதில்லை. சனி மெதுவாக நகரும் வாரத்தில், எந்த வேலையை நாம் தேவையில்லாமல் அவசரப்படுத்துகிறோம் என்று யோசிக்கச் சொல்வேன். புதன் பின்னோக்கிப் போகும்போது, அனுப்பாமல் வைத்திருக்கும் கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள் என்பேன். கடகத்துக்கும் சிம்மத்துக்கும் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெடுவேன். இரண்டில் ஒன்று எனக்கு.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒரு பதில் வரும். "படித்தேன்." அவ்வளவுதான். நான்கு வருடங்களாக, ஒரு வாரம் தவறாமல், அந்த ஒற்றைச் சொல். அனுப்புகிறவர் சுஜீந்திரன். ஆறே முக்காலிலிருந்து நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன், இந்த வாரமாவது இரண்டாவது சொல் ஒன்று வராதா என்று.

இருபது வருடத்துக்கு முன்னால் நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள இருந்தோம். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. நாங்களாகவே விரும்பினாலும் ஜாதகக் குறிப்பு பார்க்காமல் காரியம் நடக்காது. நான் பிறந்தபோது கணித்து வாங்கிய குறிப்பை அம்மா கேலாங்கில் இருந்த அவர்கள் வீட்டில் கொடுத்தார். அவர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஆயில்யம் என்று வந்தது. ஆயில்யப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பயம் உண்டு. அதையாவது ஒரு பரிகாரம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் நாங்கள் கொடுத்த தாளில் மகம் என்று இருந்தது. பெண் வீட்டார் நட்சத்திரத்தை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பேச்சாகிவிட்டது. குறிப்பும் திரும்பி வரவில்லை.

ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி ரயில் மேடையில் சுஜீந்திரன் என்னிடம் கேட்டார்.

"ஆரணி, உங்க அம்மா ஏன் மாத்தினாங்க?"

"மாத்தல."

"அப்போ ரெண்டும் ஏன் வேற வேறயா இருக்கு? ஒரு காரணம் சொல்லு. என்ன காரணம்னாலும் வீட்டில பேசிக்கிறேன்."

என்னிடம் காரணம் இல்லை. பழைய முறைப் பஞ்சாங்கம், புது முறைப் பஞ்சாங்கம் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் தாளில் புது முறை என்றே தலைப்பில் எழுதியிருந்தது, கணினியிலும் அதுதான். ரயில் வந்தது, ஏறிவிட்டேன். அவர் அதன்பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்வி. நானும் செய்துகொள்ளவில்லை.

அம்மா இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். "சுவாமி பேருக்கே செய்யுங்கோ" என்று அம்மா தட்டை நீட்டிவிடுவார். இருபது வருடமாக என் பெயருக்கு அர்ச்சனை நடந்ததில்லை.

போன ஞாயிறு காலை, புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள கோப்பிக் கடையில் உட்கார்ந்து அந்த வாரத்து நேரங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது மாடி லாசரஸ் அங்கிள் பால் இல்லாத கோப்பி-ஓவோடு வந்து எதிரே உட்கார்ந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன ஆரணி, இந்த வாரம் எனக்குக் கோப்பி யாராவது வாங்கித் தருவாங்களா?"

"உங்க ராசியைச் சொல்லுங்க, பார்க்கிறேன்."

"கத்தோலிக்கனுக்கு ஏது ராசி? கோப்பி-ஓ ராசின்னு போடு லா."

என் தாளை எட்டிப் பார்த்தார். இடது பக்கம் இந்திய நேரம், வலது பக்கம் நம் நேரம்.

"எதுக்கு ரெண்டரை கூட்டுறே? ரெண்டுதானே."

"ரெண்டரை அங்கிள். இந்தியாவுக்கும் நமக்கும் ரெண்டரை மணி."

"ரெண்டு. நான் வந்த புதுசுல திருச்சிக்கு டிரங்க் கால் போடுறப்ப ரெண்டுதான் கழிப்பேன். எங்கப்பா எட்டு மணிக்குப் போஸ்ட் ஆபீஸ்ல வந்து நிப்பாரு, நான் இங்க பத்து மணிக்குப் போடுவேன்." கோப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஆமா, அப்புறம் மாத்திட்டாங்க. எண்பத்தொண்ணு கடைசி நாள். நான் நைட் ஷிஃப்ட். பதினொன்றரைக்கு ஃபோர்மன் வந்து கடிகாரத்தைத் திருப்பிப் பன்னிரண்டுல வெச்சுட்டு ஹேப்பி நியூ இயர்னான். என் அரை மணி எங்கடா போச்சுன்னு கேட்டேன். கடல்ல விழுந்துடுச்சுன்னான். பாவி."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

பதினெட்டு நிமிடம் பின்னால் என்கிறார் அம்மா. பன்னிரண்டு நிமிடம் முன்னால் என்கிறது கணினி. இருபது வருடமாக இதில் எது உண்மை என்று மட்டும்தான் பார்த்துவந்திருக்கிறேன். இரண்டையும் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டினால் முப்பது.

"அங்கிள், கோப்பி என் கணக்கு."

"பலிச்சிடுச்சு" என்றார் லாசரஸ் அங்கிள்.

நான் பிறந்தது 1979-ல். அன்று சிங்கப்பூர்க் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி முன்னால் இருந்தது. 1982 பிறந்தபோதுதான் எட்டு ஆனது. அன்றைக்கு 6:10 காட்டிய சுவர்க் கடிகாரம், இன்றைய கணக்கில் 6:40 காட்டியிருக்க வேண்டும். கணினியில் ஊரின் நேர வித்தியாசத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். சுஜீந்திரன் வீட்டில் எட்டு என்று கொடுத்தார்கள். பிறகு நான் நூறு தடவை போட்டுப் பார்த்தபோதும் யோசிக்காமல் எட்டு என்றே கொடுத்தேன். கணினி பாவம், நான் பிறப்பதற்கு அரை மணி முந்திய வானத்தைப் பார்த்துச் சொன்னது. அரை மணியில் நிலா தன் அகலத்தில் பாதி தூரம் நகரும். எல்லைக் கோட்டில் பிறந்தவளுக்கு அது போதும்.

வீட்டுக்குப் போய் ஏழரை என்று கொடுத்தேன். மகம், முதல் பாதம். மகம் தொடங்கிய நேரம் 5:52.

அம்மா சமையலறை மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பதினெட்டு நிமிஷம் சரி."

கை நின்றது. கடிகாரம் மாறிய கதையை நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"நான் மாத்தேல்லை எண்டு அப்பவே சொன்னனான்" என்றார்.

"சொன்னீங்கம்மா."

"நீயும் நம்பேல்லை."

நானும் ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

"அந்தப் பெடியனுக்குச் சொன்னியோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லு. என்ரை பேரிலை விழுந்த பழி போகட்டும். மிச்சம் உன்ரை பாடு."

மத்தியானம் முழுக்க சுஜீந்திரனுக்கு எழுதினேன். ரயில் மேடையில் தொடங்கி எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆறே முக்காலுக்கு நான் என்ன செய்கிறேன் என்று எழுதினேன். நீங்கள் ஏன் ஒரே ஒரு சொல் எழுதுகிறீர்கள் என்று எழுதினேன். எல்லாவற்றையும் அழித்தேன். அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரு காரணம். முதலில் அதைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் சொல்வதற்கு என்னிடம் இருக்கிறது.

அந்த வாரம் 'வார வானம்' தாமதமாக, மாலை ஆறரைக்குத்தான் போனது. மேஷத்துக்கு முன்னால், எல்லோரும் படிக்கும்படி, இதைச் சேர்த்திருந்தேன்:

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளிலிருந்து 1981 டிசம்பர் 31 வரை சிங்கப்பூரில் பிறந்தவர்கள், கணினியில் ஜாதகம் போடும்போது நேர வித்தியாசத்தை எட்டு மணி என்று கொடுக்காதீர்கள். ஏழரை மணி என்று கொடுங்கள். என்னுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1979, காலை 6:10. எட்டு என்று கொடுத்தால் ஆயில்யம் வரும். ஏழரை என்று கொடுத்தால், என் அம்மா கொடுத்த குறிப்பில் இருந்தபடியே, மகம் வரும்.