கடைசி மீதி முதலில்

மனித மூளை இருக்கும்வரை யந்திரம் எல்லாம் எடுபிடிதான். பல் மருத்துவரின் அக்காள் கணவர் இப்படி முழங்கியபோது சோபாவில் சாய்ந்திருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் மேலாளர். அவர் கடைசியாகப் புரோகிராம் எழுதியது தலையில் முடி இருந்த காலத்தில்.

விஷயம் சிறியது. மச்சினன் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மருத்துவமனை திறக்கிறார். பெயர்ப்பலகையில் ஆளுயரப் பல் ஒன்று, கருநீலத்தில். அந்த நீலத்தை, கம்ப்யூட்டரில் நிறங்களைக் குறிக்கும் ஹெக்ஸ் எண்ணில் கேட்டிருந்தார் பலகைக்காரர்.

"போன்ல போட்டா அதுவே மாத்திக் குடுத்துடும், அத்தான்."

"நீ பல்லப் புடுங்கறதோட நிறுத்திக்க, மாப்ள. சிவப்பு முப்பத்தொண்ணு, பச்சை எழுபத்தெட்டு, நீலம் நூத்தி இருபத்தொண்ணு. பதினாறால வகுத்தா தீந்துது!"

வகுத்தார். முப்பத்தொன்றில் பதினாறு ஒரு தடவை போகும். மீதி பதினைந்து. ஹெக்ஸில் பத்து முதல் பதினைந்து வரை A முதல் F என்ற எழுத்துகள், ஆகவே F. ஈவாக வந்த ஒன்றை மறுபடி வகுத்தால் மீதி 1. வந்த வரிசையிலேயே F1 என்று எழுதினார். அடுத்தது E4. அதற்கடுத்தது 97. அனுப்பிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

திறப்பு அன்று பலகையின் திரையை இழுக்கும் கௌரவமும் அவருக்கே கிடைத்தது. இழுத்தார்.

பல் மஞ்சளாக இருந்தது.

"இது விளக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர். கூட்டம் சிரித்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. இந்தப் பலகையைப் பார்த்து யார் படியேறுவார்கள்?

"போர்டுக்காரன் சொதப்பிட்டான்!" என்றார் அத்தான்.

"இருங்க, இப்பவே நாலு கேள்வி கேக்கறேன்." மருத்துவர் போனை எடுத்தார்.

அத்தான் உள்ளங்கையில் விரலால் மறுபடி வகுத்துப் பார்த்தார். கடைசியில் வரும் மீதியை முதலில் எழுத வேண்டும். முப்பத்தொன்றுக்கு 1F, F1 அல்ல. மூன்றும் திரும்பியதில்தான் நீலம் மஞ்சளாகிவிட்டது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரே தொண்டை வரளச் சொன்ன பாடம். காது மடல் கொதித்தது.

"வை மாப்ள... அவன் மேல தப்பில்ல. நான்தான் தலைகீழா எழுதிட்டேன்."

"சட்டையே அப்படித்தானே போட்டுட்டுக் கிளம்புவாரு," என்றாள் அத்தானின் மனைவி. "நான்ல திருப்பி விடறேன்!"

படியேற யாரும் முன்வரவில்லை. "சரி, முதல் பேஷன்ட் நீங்களே வாங்க, அத்தான்," என்றார் மருத்துவர்.

அத்தான் நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்தார். மருத்துவர் உள்ளே பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பலகையைப் பார்த்தார். திரும்பவும் உள்ளே பார்த்தார்.

இரண்டும் ஒரே நிறம்.